கூப்பிடாத சாட்சிகள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்களில் கொல்லிமலை அடிவாரத்து மாஜிஸ்திரேட் கோர்ட் ஒன்றில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். சாட்சிகள் சொல்வதை எழுதிக்கொள்வது என் வேலை. அங்கே வந்த வழக்குகளில் பெரும்பாலானவை வேலித் தகராறும் கள்ளச் சாராயமும்தான். இது ஒன்று மட்டும் வேறு மாதிரி.

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அப்படி ஒன்றான எடப்புளி நாட்டுச் சந்தைக்கு ஒரு உப்பு வியாபாரி வந்துபோய்க்கொண்டிருந்தார். உண்மையில் அவர் ரகசியப் போலீஸ். சர்க்காருக்கு எதிராகப் பேசுபவர் யார், தேடப்படுகிற கதர்ச்சட்டைக்காரர்களுக்குச் சோறு போடுபவர் யார் என்று ஒட்டுக்கேட்டுச் சொல்ல அனுப்பப்பட்டவர். மலையில் இது தெரிந்த ஒரே ஆள் பாரஸ்ட் கார்டு. வியாபாரிக்குத் தங்க இடம் கொடுக்கும்படி அவருக்கு உத்தரவு வந்திருந்தது. சில வாரங்களில் சந்தையில் அந்த உப்பை வாங்க ஆளில்லை. வியாபாரி அருகில் வந்தால் எல்லோரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். யுத்தகால ரகசியத்தை வெளியிட்டதாகக் கார்டு மேல் வழக்கு வந்தது.

வழக்கில் ஒரு ஓட்டை இருந்தது. வியாபாரியைக் கூண்டில் ஏற்றினால் அவர் முகம் மற்ற ஊர்களுக்கும் தெரிந்துவிடும். சர்க்கார் அதை விரும்பவில்லை. கார்டு சொன்னதைக் காதால் கேட்டதாகச் சொல்ல வேறு ஆளும் கிடைக்கவில்லை. "மத்தியானம் ஊட்டுக்குப் போயிச் சாப்பிடலாங்க," என்று கார்டின் வக்கீல் அவரிடம் சொன்னது என் மேசை வரை கேட்டது.

அப்போது வாசலில் ஆறு பேர் வந்து நின்றார்கள். முள்ளுக்குறிச்சி வழியாக மலையிறங்கி வந்த விவசாயிகள். முன்னால் நின்றவர் அவர்களுடைய தலைவர், ஊர்க்கவுண்டர். மலையில் நாட்டுப் பஞ்சாயத்து கூடினால், குற்றம் சாட்டப்பட்டவரால் நன்மை அடைந்தவர்கள் தாமாக எழுந்து அதைச் சொல்ல வேண்டும். பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவரைக் கைவிட்டதாக அர்த்தம். கோர்ட்டையும் அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

"சாமி, இவரைப் பத்தி நாங்க நாலு வார்த்தை சொல்லோணுங்க," என்றார் கவுண்டர்.

வக்கீல் அவசரமாக எழுந்தார். "நீங்க சொல்ல ஒண்ணுமில்லீங்க. வெளியில காத்தாட உக்காருங்க."

"இத்தனை தூரம் நடந்து வந்தது காத்து வாங்கவாங்க? மேல இல்லாத காத்தா?"

மாஜிஸ்திரேட் சிரித்துவிட்டு அவரைக் கூண்டில் ஏறச் சொன்னார்.

"தங்கமான மனுசனுங்க. உப்புக்காரன் போலீசு, அவங்கிட்ட வாயத் தொறக்காதீங்கன்னு இவரு சொல்லலீன்னா, எங்கள்ல பாதிப்பேரு செயில்லதாங்க இருப்போம்."

வக்கீலுக்கு இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. "யாரோ சொல்லக் கேட்டதுதானுங்களே? சந்தையில அடிபட்ட பேச்சு?"

"இல்லீங்க. எங்கூட்டு வாசல்ல நின்னு, என்ற மூஞ்சியப் பாத்துச் சொன்னாருங்க."

மற்றவர்களும் ஆமாங்க என்றார்கள். நான் எழுதினேன். கார்டு தலை குனிந்துகொண்டார். அவர் முகத்தில் கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

தீர்ப்பைத் தமிழில் சொன்னதும் கவுண்டர் கை கூப்பினார். "அப்ப அந்த வருசத்த ஏழாப் பிரிங்க சாமி. தண்டம்னா சேந்து கட்டறதுதான் எங்க வழக்கம். ஆளுக்கு ரெண்டு மாசம்கூட ஆவாது."

"சட்டத்தில் அதற்கு இடமில்லை," என்றார் மாஜிஸ்திரேட். அதை எழுத வேண்டாமென்று எனக்குச் சைகை காட்டினார்.

வராந்தாவில் அந்த ஆறு பேரும் வக்கீலைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நாங்க சொன்னது பொய்யாங்க?"

"பொய்யா இருந்திருந்தா அவரு இந்நேரம் பஸ் ஏறியிருப்பாருங்க."

பிறகு கவுண்டர், கார்டு வெளியே வரும் வரை அவர் மனைவி யார் வீட்டில் இருப்பது என்று மற்றவர்களிடம் கேட்டார். ஆளாளுக்குத் தன் வீட்டைச் சொன்னார்கள். குரல் ஏறியது. விலங்கோடு வந்த கார்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"புளியஞ்சோலையில அவ அண்ணன் இருக்கான்," என்றார். "அங்க மட்டும் அனுப்பீராதீங்க. ரெண்டு பேருக்கும் ஆவாது."

"எங்கூட்டுலயே இருக்கட்டுங்க," என்றார் கவுண்டர்.

கார்டு தலையசைத்தார். அதுவரை காத்திருந்த கான்ஸ்டபிள் அவரை அழைத்துக்கொண்டு படியிறங்கினார்.