செந்தூரப் பொட்டலம்

1954 ஆகஸ்டில், தமிழர் போராட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்த மறுவாரம், திருவிதாங்கூர்-கொச்சியின் பாறசாலையில் ஆண்கள் வீட்டில் தங்கவில்லை. தமிழகத்தோடு சேரவேண்டும் என்று கோஷம் போட்டவனையும் போடாதவனையும் போலீஸ் ஒன்றாகத்தான் பிடித்தது. பஸ் கண்டக்டர் ரெத்தினதாஸ் மட்டும் படுத்தே கிடந்தான்.

சில நாள் முன்பு அவனுடைய பஸ்ஸுக்குள் யாரோ தீப்பந்தம் எறிந்தார்கள். ஆட்களை இறக்கிவிட்டு, உள்ளே நின்றபடியே பித்தளைத் தீயணைப்புக் குழலை மருந்து தீரும்வரை அடித்தான். தீ அணைந்தது. போலீஸ் வந்ததும் எல்லோரையும்போல அவனும் ஓடினான். மூன்றாம் நாள் வாந்தி. ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது.

"ஆசுபத்திரிக்குப் போவலாம்," என்றாள் மனைவி பிரேமகுமாரி.

"அங்க போலீஸ் நிக்கு. தீ வச்சது நீயாக்கும்னு சொல்லீருவானுவ."

அவள் தனியாக அமரவிளைக்கு நடந்தாள். வேலாயுதன் வைத்தியர் முன்பு தேயிலைத் தோட்டத்து ஆசுபத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். நடந்ததை அவள் சொல்லக் கேட்டார்.

"குழலில இருந்தது கார்பன் டெட்ராகுளோரைடு. பண்டு வயித்துப் புழுவுக்கும் அதைத்தான் குடுப்போம். அதுக்க ஆவியை இழுத்தாலும் சிலருக்கு ஈரல் போயிரும்," என்றார். "அயச்செந்தூரம் தாறேன், இரும்பைப் புடம் போட்டது. ஈரலைக் காக்கும்னு சொல்லுவாவ. சத்தியம் பண்ண மாட்டேன், மக்கா."

திரும்பும்போது பாலத்தில் போலீஸ்காரன் மறித்தான். பொட்டலத்தைப் பிரித்தான். கருஞ்சிவப்புப் பொடி.

"எந்தா இது? வெடிமருந்தோ?"

"மருந்தாக்கும் சாரே. வீட்டுக்காரருக்கு மஞ்சக்காமாலை."

"அவன்றெ பேரெந்தா?"

பேரைச் சொன்னால் வீட்டுக்கு வருவார்கள். அவள் ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்து வாயில் போட்டாள். எச்சில் இல்லை, விழுங்க முடியாமல் தொண்டையில் ஒட்டியது. இருமி இருமி விழுங்கினாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பொட்டலத்தை அவள் கையில் திணித்து, "போ" என்றான்.

ஓடினால் சந்தேகம் வரும் என்று பாலம் முழுக்க மெல்ல நடந்தாள்.

தேனில் குழைத்து இரண்டு வேளையும் கொடுத்தாள். காலையில் முதல் வேலையாகக் கணவனை வெளிச்சத்துக்குத் திருப்பி இமையை விலக்கிப் பார்ப்பாள். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். மருந்து தொடங்கிய பதினாறாம் நாள் கண்ணோரம் வெளுத்திருந்தது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை; இன்னொரு முறை பார்த்தாள்.

கெடுபிடி அடங்கியபின் நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். "ஈரல் தானாகவும் தேறும். செந்தூரம் காப்பாற்றியதா என்று என்னால் சொல்ல முடியாது," என்றார் அவர்.

டிசம்பரில் ரெத்தினதாஸ் வேலைக்குப் போனான். முதல் நாள் பஸ் திரும்பி வரும்வரை பிரேமகுமாரி ரோட்டோரத்திலேயே நின்றாள்.