பந்தய பைக்குக்கு வைத்த பொட்டு

போன சனிக்கிழமை என் மனைவியின் மோட்டார் சைக்கிளுக்கு நான் பொட்டு வைத்தேன். பாய் அதில் ஓட்டை போட்டுவிட்டார்.

இப்படி மொட்டையாகச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. முதலிலிருந்தே வருகிறேன்.

என் மனைவி மல்லிகாவை இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். பேருந்து ஓட்டுநர். வாரத்தில் ஆறு நாள் சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் பக்கம் இரட்டை மாடி பஸ் ஓட்டுகிறாள். நாற்பத்தெட்டு வயதில், பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, பெரிய பைக்குக்கான லைசென்ஸ் எடுத்தாள். அடுத்து யாரோ ஓட்டிய ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றை வாங்கினாள். நீல நிறம். குனிந்து படுத்துக்கொண்டு ஓட்டுகிற ஜாதி.

"எதுக்கு மல்லி இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுல நாலு மரம் தாண்டுனா ஒரு ஸ்டாப்புங்க. நிறுத்தலன்னா பின்னால பெல்லு. நிறுத்துனா ஏன் நிறுத்துனேன்னு இன்னொரு பெல்லு. ஒரு நாளாச்சும் யாரும் பெல் அடிக்காம ஓட்டணும்."

இதற்கு என்ன பதில் சொல்வது? நான் தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் ஸ்டோர் பார்ப்பவன். உயர்நிலை இரண்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எனக்குத் தெரிந்த பதில் எல்லாம் பருப்பு மூட்டை சம்பந்தப்பட்டவை.

பாலம் தாண்டி மலேசியாவில், ஜொகூரில் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. பணம் கட்டினால் நம்மைப் போன்றவர்களும் ஒரு நாள் போய் ஓட்டலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது… சும்மா ஓட்டுவது. மல்லிகா முன்பும் பதிந்து வைத்தாள். டியூட்டி மாறியதால் போகமுடியவில்லை. மறுபடி பதிந்தாள். ஆள் இல்லை என்று லீவு கொடுக்கவில்லை. இந்த முறைதான் எல்லாம் கூடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை. லீவு உறுதி.

அந்த வாரம் வீட்டுக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று ஃபைபர் துண்டுகள். பெயின்ட் இல்லை. எழுத்து இல்லை. ஃபேரிங்காம். பைக்குக்கு மேலே போர்த்துகிற உடம்பு. பந்தயத்துக்கென்று தனியாகச் செய்து விற்கிறார்கள்.

நான் மூக்குப் பகுதியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"லைட்டுக்கு ஓட்டை எங்க?"

"லைட்டு கிடையாது."

"இண்டிகேட்டர்?"

"அதுவும் கிடையாது. அங்க யாருக்குங்க சிக்னல் காட்டப் போறேன்?"

"அப்ப நல்லா இருக்கிற ஒரிஜினலைக் கழட்டிட்டு இந்தக் குருட்டு மூஞ்சிய எதுக்கு மாட்டணும்?"

"விழுந்தா ஒரிஜினல் உடைஞ்சிடும்ல. இது உடைஞ்சா பரவால்ல."

விழுந்தா.

காய்கறி வெட்டிக்கொண்டே சொன்னாள். கத்தரிக்காய் கால் கிலோ வாங்கிட்டு வாங்க என்பது போல. நாமெல்லாம் புது வண்டி வாங்கினால் விழக்கூடாது என்பதற்காக சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். இவள் விழுவதற்கென்றே வண்டிக்குச் சட்டை வாங்கியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை கடை முடிந்து நேராக சிராங்கூன் சாலையில் அம்மன் கோவிலுக்குப் போனேன். அவள் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை. அவள் விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். திரும்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் கேட்டுவிட்டேன்… அந்த ஃபேரிங் பொருந்தாமலே போய்விட்டால் ரொம்ப நல்லது, தாயே.

மல்லிகாவுக்கு இது இந்தப் பத்தியைப் படித்தால்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை புக்கிட் பாத்தோக் தொழிற்பேட்டையில் யூசுப் பாயின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். பாய் மல்லிகாவைத் தங்கச்சி என்பார். அந்த முறையில் என்னை மச்சான் என்பார். மச்சான் என்ற உரிமையில் என்ன வேண்டுமானாலும் பேசுவார்.

"மச்சான் எதுக்கு வந்திருக்காரு, டீ வாங்கவா?"

"பிடிக்கிறதுக்கு பாய். அவருக்கும் ஒரு வேலை வேணும்ல" என்றாள் மல்லிகா.

இந்தச் சாமானில் ஒரு சங்கதி உண்டு. வாங்கினோம், மாட்டினோம் என்று நடக்காது. வண்டியில் இருக்கிற கம்பிகளுக்கும் ஃபைபருக்கும் சம்பந்தமே இருக்காது. ஆணி போகிற ஓட்டைகள் கூட போட்டிருக்க மாட்டார்கள். நாமேதான் வைத்துப் பார்த்து, இடம் குறித்து, துளை போட வேண்டும். இடம் குறிப்பதற்கு மல்லிகா தன் லிப்ஸ்டிக்கை எடுத்தாள். வண்டியிலிருக்கிற ஒவ்வொரு பிடிப்பின் நுனியிலும் கொஞ்சம் தடவினாள். ஃபைபரை அதன்மேல் அழுத்தி எடுத்தாள். எங்கே துளை வேண்டுமோ அங்கே சிவப்பாக ஒரு புள்ளி.

எனக்கே பெருமையாக இருந்தது. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய லிப்ஸ்டிக் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அடியில் மாட்டுகிற துண்டைக் காட்டி, "இதுதான் முக்கியம்" என்றாள். பெல்லி பேன். பார்ப்பதற்குக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி மாதிரி. "என்ஜின்ல எண்ணெய் ஒழுகுனா இதுக்குள்ளயே தங்கணும். தடத்துல கொட்டுனா பின்னால வர்றவன் வழுக்கி விழுவான். இதுல ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் இன்ஸ்பெக்‌ஷன்ல வெளிய அனுப்பிடுவாங்க."

எல்லாத் துண்டுகளையும் குறித்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். ஏற்பாட்டாளரிடமிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனாள். பாய் துளை போடுகிற மெஷினைத் தேடிக்கொண்டிருந்தார்.

மேசைமேல் புத்தம் புதுச் சாமான். என் சட்டைப் பையில் கோவில் குங்குமப் பொட்டலம். ஒரு புதுப் பொருளைப் பொட்டில்லாமல் எப்படி வண்டியில் ஏற்றுவது? ஃபிரிட்ஜ் வந்தாலும் வைக்கிறோம், அரிசி குக்கர் வந்தாலும் வைக்கிறோம். விரலைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்று வைத்தேன். பெல்லி பேனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். நல்ல அகலமான நெற்றி. நடுவில் பார்த்து அழுத்தமாக வைத்தேன்.

சந்தனம் கொண்டு போகவில்லை. அதுதான் வினை. சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்திருந்தால் யாருக்கும் குழப்பம் வந்திருக்காது.

மல்லிகா திரும்பி வந்து வண்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு பழைய போல்ட்டுகளோடு போராட ஆரம்பித்தாள். அங்கிருந்தபடியே, "பாய், சிவப்புப் புள்ளி இருக்குல்ல, அதுல எல்லாம் போட்டுடுங்க" என்றாள். நான் கை கழுவப் போயிருந்தேன். பாய் கைக்கு அருகில் இருந்த துண்டில் ஆரம்பித்தார்.

நான் திரும்பி வரும்போது மல்லிகா பெல்லி பேனை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதன் நட்டநடுவில், தொட்டியின் அடியிலேயே, வட்டமாக ஒரு ஓட்டை. அதன் வழியாக அவள் கண் என்னைப் பார்த்தது.

"இது யாரு வச்சது?"

"நான்தான்…"

பாய் மெஷினைக் கீழே வைத்தார். "செவப்பா இருந்துச்சு, போட்டேன். லிப்ஸ்டிக்கா குங்குமமான்னு நான் நக்கியா பாக்க முடியும் மச்சான்?"

அவள் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. கையுறையைக் கழற்றினாள். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"சாயங்காலம் வண்டிய ஏத்திட்டுப் போக லாரி வந்துடும். வரலன்னு சொல்லிடுறேன். பரவால்லங்க, அடுத்த தடவ பாத்துக்கலாம்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். பஸ் நிரம்பியிருக்கும்போது வாசலில் நிற்பவர்களிடம் அடுத்த பஸ் வரும் என்று சொல்வாளே, அந்தக் குரல்.

யோசித்துப் பாருங்கள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஒரே நாளில். என் விரலாலேயே, அம்மன் கோவில் குங்குமத்தாலேயே. ஃபேரிங் பொருந்தவில்லை, அவள் போகப்போவதில்லை, விழப்போவதும் இல்லை. சந்தோஷத்தில் குதிக்க வேண்டியவன் நான்.

குதிக்க முடியவில்லை. அவள் அந்தப் போனில் எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பாய், இதை அடைக்க முடியாதா?"

"அடைக்கலாம். ஃபைபர் துணி வச்சு ரெசின் பூசணும். ஆனா கல்லு மாதிரி காயணும் மச்சான். நல்ல வெயில் வேணும் லா."

மூவரும் வெளியே எட்டிப் பார்த்தோம். புக்கிட் தீமா பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

மல்லிகா போனை மடியில் வைத்தாள். அனுப்பவில்லை.

பாய் உள்ளேயும் வெளியேயும் பூசிக் கொடுத்தார். நான் அந்தத் தொட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். கட்டடத்தின் நிழல் நகர நகர நாற்காலியோடு நானும் நகர்ந்தேன். பாய் உள்ளேயிருந்து, "தங்கச்சி, மச்சான் அப்பளம் காயப் போட்டிருக்காரு, காக்கா வராம பாத்துக்க" என்றார்.

சிரிக்கட்டும். நான் வேறு கவலையில் இருந்தேன். தாயே, நேற்று வாசலில் நின்று சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முதலில் சொன்னது மட்டும் இருக்கட்டும். இப்போதைக்கு மழை மட்டும் இந்தப் பக்கம் வேண்டாம்.

ஒரு அர்ச்சனைக்கு எத்தனை திருத்தம் செய்யலாம் என்று எனக்குத் தெரியாது. குருக்களிடம் கேட்கவும் கூச்சம்.

மழை வந்தது. வேறெங்கோ பெய்தது. மண் வாசனை மட்டும் எங்களுக்கு. பாய் வந்து விரலால் தட்டிப் பார்த்தார். டக் டக் என்றது. "ஓகே லா" என்றார்.

மறுபடி துளை போடும் வேலை. இந்த முறை மெஷினை மல்லிகாவே எடுத்துக்கொண்டாள். "இன்னும் எங்கெங்க வச்சிருக்கீங்க? இப்பவே சொல்லிடுங்க" என்றாள். ஒவ்வொன்றாகக் காட்டினேன். துடைத்துவிடுவாள் என்று நினைத்தேன். துடைக்காமல் ஒவ்வொன்றையும் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள்… இங்கே கை வைக்காதே என்று. கடைசி ஆணியை முறுக்கியபோது லாரி வாசலில் வந்து நின்றது. விளக்கில்லாத வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாதே.

ஞாயிறு காலை ஜொகூர். பரிசோதகர் படுத்துக்கொண்டு அடியில் பார்த்தார். ஒட்டுப் போட்ட இடத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். என் விரல் நகம் எல்லாம் வாய்க்குள் இருந்தது. எழுந்து ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

மல்லிகா ஹெல்மெட்டை மாட்டினாள். போய்விட்டாள்.

நான் சுவரோரம் நின்றேன். நீங்கள் போயிருக்கிறீர்களோ என்னவோ, அங்கே ஒரு வண்டியும் நின்று முகம் காட்டிவிட்டுப் போவதில்லை. சர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாதிப் பேர் வண்டி பெயின்ட் அடிக்காத வெள்ளை. எல்லோருக்கும் கறுப்பு உடுப்பு, கறுப்பு ஹெல்மெட். எப்படியோ நான் அவளைக் கண்டுபிடித்துவிட்டேன். வளைவுகளில் நிதானம். யாரையும் முந்துவதில்லை. பஸ் ஓட்டுகிற கையல்லவா. அந்த வண்டி சாயும்போதெல்லாம் நான் மூச்சை நிறுத்தினேன். நிமிரும்போது தாயே என்றேன். ஒரு சுற்று விடவில்லை.

நேரம் முடிந்து வண்டி உள்ளே வந்தது. நான் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். ஹெல்மெட்டைக் கழற்றினார்… வழுக்கைத் தலை, வெள்ளை மீசை. சீனப் பெரியவர். என் கையிலிருந்த தண்ணீரை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

"என்னங்க, இங்க இருக்கேன்."

மல்லிகா பின்னால் நின்றாள். முகமெல்லாம் வியர்வை. இத்தனை வருஷத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. பல்லெல்லாம் தெரிந்தது.

"பாத்தீங்களா? எப்படி ஓட்டுனேன்?"

"ரொம்ப நல்லா ஓட்டுனே மல்லி. கண்ணு எடுக்காம பாத்தேன்."

அவள் பத்திரமாக வந்துவிட்டாள். ஆனால் ஊரில் இருக்கிற வேண்டுதல் எல்லாவற்றையும் நான் கொட்டியது அந்தப் பெரியவருக்கு. அவர் வீட்டிலும் அன்று காலை யாராவது ஊதுபத்தி ஏற்றிவைத்துவிட்டு, வயிற்றில் நெருப்போடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய வேண்டுதல் மல்லிகாவுக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மேலே வேண்டுதல் வாங்குகிற கவுண்டர் ஒன்றுதானே.