சரிவில் பூட்டிய சைக்கிள்

அம்பத்தூர் ஸ்டேஷனில் அன்று எனக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரம். ஸ்டாண்டு வரை போகச் சோம்பல்பட்டு, பிளாட்பாரத்துக்கு ஏறும் சரிவிலேயே சைக்கிளைப் பூட்டிவிட்டு மேலே ஓடினேன்.

கீழே மணிச் சத்தம் விடாமல் கேட்டது. எங்கள் மேனாம்பேட்டுப் பாத்திமா, கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் இருந்தாள். அன்றைக்கு அவளுக்கு டைப்ரைட்டிங் பரீட்சை. அவள் ஏறி வர அந்தச் சரிவு ஒன்றுதான் வழி.

"யாருதுபா இந்த சைக்கிளு? ரயிலு வந்துகினு கீது!"

"என்னுதுதாம்மா!" என்று இறங்கி ஓடினேன். பூட்டைத் திறக்க நேரமில்லை; அப்படியே தூக்கி ஓரமாகப் போட்டேன்.

"நல்லா பூட்டினே அண்ணாத்தே, என் பரீட்சைய! இப்போ தள்ளு!"

"பரீட்சைக்குப் போற பொண்ணுபா, வழி உடுங்க!" என்று கத்திக்கொண்டே தள்ளினேன். ரயில் வந்து நின்றதும் வியாபாரிகள் பெட்டியிலிருந்து ஒரு கீரைக்கார அம்மா, "பரீட்சைக்குப் போற பொண்ண உட்டுட்டு ரயிலு எங்க பூடும்? தூக்குங்கடா!" என்று அதட்டினார். நாலு பேர் வண்டியோடு அவளைத் தூக்கி ஏற்றினார்கள். பெட்டி முழுக்கக் கைதட்டல்!

பாத்திமா முதல் வகுப்பில் தேறிவிட்டாள். இப்போதெல்லாம் நான் சீக்கிரமே கிளம்பி, ஸ்டாண்டில்தான் சைக்கிளை விடுகிறேன். சரிவில் யாருடையது நின்றாலும், பூட்டியிருந்தாலும் தூக்கி நகர்த்திவிடுகிறேன். சண்டைக்கு வருகிறவர்களிடம் ஒன்றுதான் சொல்வேன்: "இது பாத்திமா போற ரோடுபா!"