சுரேகா கட்டிய எக்கோ பெடல்

சுரேகாவுக்குக் கிற்றாரில் வாசிக்கத் தெரிந்தது மூன்று கோர்ட்ஸ் மட்டும். நான்காவதைப் படிக்கும் ஆசையும் அவளுக்கு இல்லை. அவள் மனசெல்லாம் கிற்றாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே காலடியில் கிடக்கும் பெடல் என்கிற சின்னப் பெட்டியில்தான் இருந்தது. காலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும், கிற்றார் உறுமும், அலையடிக்கும், எதிரொலிக்கும்.

கிழமை நாட்களில் அவள் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக். கல்யாணமாகிக் கொட்டாஞ்சேனைக்கு வந்த புதிதில் கணவன் ரொனி பழுதான பெடல் ஒன்றைக் குப்பையில் போடப் போனான். அவள் வாங்கித் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு வயர் விட்டுப்போயிருந்தது. ஒட்டினாள், பாடியது. பிறகென்ன, சனிக்கிழமைகளில் புறக்கோட்டைக் கடைகளுக்குப் போய்ச் சாமான் பொறுக்கி வந்து தானே கட்டத் தொடங்கிவிட்டாள். முதலாவது பெடல் காதடியில் பறக்கும் நுளம்பு மாதிரிக் கத்தியது. இரண்டாவது கத்தவேயில்லை. ஆறேழு கட்டிய பிறகுதான் கை படிந்தது.

அவள் கட்டியதிலேயே சிக்கலானது பேர்னாட் அண்ணனின் எக்கோ பெடல். பேர்னாட் கல்யாண வீடுகளில் வாசிக்கும் பாண்ட்காரர்; ஆளும் பாரம், மிதியும் பாரம். சத்தம் எந்த இடத்தில் தொலைகிறது என்று ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுத் தேடி, மாதக்கணக்கில் மினக்கெட்டு முடித்துக் கொடுத்தாள்.

அதை முதன்முதலாக மேடைக்குக் கொண்டுபோன ஞாயிறு பின்னேரம், வெள்ளவத்தைக் கல்யாண மண்டபம் ஒன்றிலிருந்து பேர்னாட் போன் எடுத்தார்.

“சுரேகா, உன்ட பெட்டி வாய மூடிட்டு. ஆக்கள் வரத் தொடங்கிட்டாங்க.”

“வயர மாத்திப் பாத்தீங்களா?”

“எல்லாம் பாத்தாச்சு. நீ வா பிள்ளை.”

ஈயம் உருக்கி ஒட்டும் சோல்டரிங் அயனைப் பைக்குள் போட்டு, இருந்ததில் நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு த்ரீவீலர் பிடித்தாள்.

மேடைக்குப் பின்னால் ஒரு மேசையில் பெடலை வைத்து விரலால் அழுத்தினாள். பாடியது. மறுபடி அழுத்தினாள். அப்போதும் பாடியது. பேர்னாட் அதைத் தரையில் வைத்துச் சப்பாத்துக் காலால் மிதித்தார். சத்தம் நின்றது.

“பாத்தியா? அதுக்கு என்னோட மட்டுந்தான் கோவம்.”

சுரேகா அவருடைய காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். “இப்ப மெதுவா மிதிங்க.”

பாடியது.

“இனி வழமையா மிதிக்கிற மாதிரி.”

செத்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. காலால் மிதிக்கிற சாமானை இத்தனை மாதமும் விரலால் மட்டுமே சோதித்திருக்கிறாள்.

திருகாணிகளைக் கழற்றினாள். அடித்தகடு மெல்லிசு. பாரம் ஏறினால் உள்ளே வளைந்து, ஈயம் வைத்த முனைகளில் முட்டுகிறது. நடுவில் மின்சாரம் கடத்தாத எதையாவது வைத்தால் சரி. பேர்னாட்டின் பொக்கற்றில் கல்யாண அழைப்பிதழ் இருந்தது, நல்ல தடிப்பு. பூ அலங்காரம் செய்தவரிடம் கத்தரிக்கோல் வாங்கி, அதில் அச்சடித்திருந்த மாப்பிள்ளை ஜனாவையும் பெண் யதுஷாவையும் அளவாக வெட்டி உள்ளே வைத்து மூடினாள். பிறகு பெடலை மேடையில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் இரண்டு காலாலும் ஏறி நின்றாள்.

“வாசிங்க அண்ணன்.”

பேர்னாட் ஒரு தந்தியைத் தட்டினார். அந்த ஒற்றைச் சத்தம் மண்டபம் முழுக்கச் சுற்றித் திரிந்து மெல்லக் கரைந்தது. முன்வரிசையில் கதைத்துக்கொண்டிருந்த ஒருவர் பேச்சை நிறுத்தி முகட்டை அண்ணாந்து பார்த்தார். சுரேகாவுக்கு அது போதும்.

மேடையால் இறங்கியவளைப் பெண்ணின் தாய் பிடித்துக்கொண்டாள். “நீங்கள் மாப்பிள்ளை பகுதியோ?”

“இல்ல அன்ரி, பாண்ட் பகுதி.”

“ஆர் பகுதியெண்டாலும் சாப்பிடாமப் போகக்கூடாது.”

சாப்பாட்டுத் தட்டோடு பின்வரிசையில் இருந்தபோது ரொனி போன் எடுத்தான்.

“சரியாகிட்டா? நான் வந்து கூட்டிட்டு வரவா?”

“ஓம், சரி. இப்ப வராதீங்க. நான் கட்டினத மத்த ஆக்களோட இருந்து கேக்கிறது இதான் முதல் தரம். இன்னும் ரெண்டு பாட்டுக் கேட்டிட்டு வாறன்.”