காறல் வாடை

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் கோழிப்பண்ணை. போன கோடையில் ஒரு காலை ஷெட்டுக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மூன்று வாரக் குஞ்சுகள் கழுத்தை முறுக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தன. சிலவற்றின் கால்கள் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தன. பறவைக் காய்ச்சலாக இருந்தால் மொத்தப் பண்ணையும் போச்சு.

கால்நடை டாக்டர் வந்து செத்த குஞ்சு ஒன்றை அறுத்தார். சிறுமூளையில் ரத்தப் புள்ளிகள். "தொத்து நோயி மாதிரி இல்லீங்க. தீவனத்துலதான் கோளாறு" என்றபடி தீவனம் கலக்கும் அறைக்கு நடந்தார். அது என் கணவரின் தனி ராஜ்ஜியம்; நான் அங்கே தலைகாட்டுவதில்லை. எதையும் வீணாக்காத மனுஷர், தகரக்கூரையின் கீழே பேரலில் மிச்சம் கிடந்த அதற்கு முந்தைய வருஷத்துத் தவிட்டு எண்ணெயைத் தீவனத்தில் கலந்திருக்கிறார். என் கணவர் மூடியைத் திறந்ததுமே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். குடலைப் புரட்டும் காறல் வாடை.

"கெட்டுப்போன எண்ணெய் மூளை நரம்பை அரிச்சுப்போடுதுங்க, இரும்புல துரு ஏறுற மாட்டம். அதைத் தடுக்கற நொதிக நரம்பு செல்லுக்குள்ளயே இருக்குது. வளர்ச்சிக் காரணின்னு சில புரதங்க, அந்த நொதிகளை இன்னும் நெறையச் சுரக்க வெச்சு செல்லைக் காப்பாத்தும். அரிப்பு எல்லை மீறிட்டா ரெண்டுமே தாங்காதுங்க" என்றார் டாக்டர்.

"மனுசனுக்கும் இப்படித்தானுங்களா?" என்று கேட்டேன்.

"காரணம் வேற வேறயா இருக்கும். நரம்பு நரம்புதானுங்க." என் கணவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்கண்ணா, இந்த நாத்தம் உங்களுக்கு அடிக்கலீங்களா?"

இவர் பேரலுக்குள் குனிந்து மோந்து பார்த்தார். "என்ன நாத்தம்? ஒண்ணும் அடிக்கலீங்களே."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. மூடியைப் பிடித்திருந்த இவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடி பேரலின் விளிம்பில் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தது.

"வாசமும் தெரியாம கையும் நடுங்குனா நரம்புக் கோளாறா இருக்கலாமுங்க. சேலத்துல நரம்பு டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிருங்க" என்றார். தீவனத்தை மாற்றி வைட்டமின் கொடுத்தால் மீதிக் குஞ்சுகள் தப்பிக்கும் என்றும் சொன்னார். என் காதில் எதுவும் ஏறவில்லை. குழம்பு கருகி வீடே புகைந்த அன்று, இந்த மனுஷர் அடுப்புக்குப் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "மூக்கை வாடகைக்கு உட்டுட்டீங்களா?" என்று கேலி செய்திருந்தேன்.

மறுநாள் சேலம் பஸ் ஏறினோம். ராசிபுரத்தில் பஸ் நின்ற இடத்துக்கு எதிரே நெய்க்கடை. வெண்ணெய் உருக்கும் வாசம் பஸ் முழுக்க நிறைந்தது. சாமியை வேண்டிக்கொண்டு கேட்டேன்:

"ஏனுங்க, என்ன வாசம்னு சொல்லுங்க பாக்கலாம்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே கடையின் பெயர்ப்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"நெய் வாசம், புள்ள. கமகமன்னு அடிக்குது."

அவருடைய வலது கையை எடுத்து என் மடியில் அழுத்தி வைத்துக்கொண்டேன். அப்போதும் அதன் நடுக்கம் நிற்கவில்லை.