கண் சிவந்த ஞாயிறும் மூன்று கோலும்

எங்கள் ராயபுரத்தில் மெட்ராஸ் ஐ பரவினால் அது முதலில் தெரிவது டாக்டருக்கு இல்லை, கைக்குழந்தைக்காரிக்குத்தான். அறுபதுகளின் கடைசியில் ஒரு ஆவணி மாசம், எங்கள் வாசலில் அந்தக் கைக்குழந்தைக்காரி நான்.

கண் சிவந்து, பீளை கட்டி, இமை ஒட்டிக்கொண்டால் தாய்ப்பால் இரண்டு சொட்டு விடவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இன்றைய டாக்டர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும், அன்றைக்கு எங்களுக்கு அதுதான் மருந்து. ஒரே வாசலுக்குள் ஏழு குடித்தனம். என் பெரியவன் அப்போது குப்புற விழப் பழகிக்கொண்டிருந்தான். விடிந்ததும் விடியாததுமாக என் வீட்டு முன்னால் ஆள் நிற்கும், கையில் பாலாடையோடு. குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம் அது. நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அதில் பீய்ச்சிக் கொடுப்பேன். அவரவர் வாங்கிக்கொண்டு போய் விட்டுக்கொள்வார்கள். முதலில் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். அப்புறம் எதிர்த் தெரு. அப்புறம் முன்பின் பார்த்தே இராதவர்கள் எல்லாம் "யக்கா, ரெண்டு சொட்டு" என்று வந்து நின்றார்கள். "நான் இன்னா பால் டிப்போவா வச்சிகினு கீறேன்?" என்று கத்துவேன். கத்திக்கொண்டே கொடுப்பேன். கண்ணைத் திறக்க முடியாமல் வந்து நிற்கிறவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது?

ஒன்று சொல்லவேண்டும். மெட்ராஸ் ஐ வந்தவரின் கண்ணைப் பார்த்தாலே நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்பினோம். அந்த நாட்களில் யாரும் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசியதில்லை. மளிகைக் கடைக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டே புளி நிறுத்துக் கொடுப்பார். நானும் பாலாடையை வாங்கும்போது திரைக்கு வெளியே கையை மட்டும்தான் நீட்டுவேன்.

இந்தக் கலாட்டாவுக்கு நடுவில்தான் திருவிழாக் கோப்பைக்கான ஃபைனல் மேட்ச் வந்தது. எங்கள் மாதா கோயில் திருவிழாவை ஒட்டி வருஷா வருஷம் கோயில் மைதானத்தில் ஃபுட்பால் பந்தயம் நடக்கும். அந்த வருஷம் ஃபைனலில் எங்கள் ராயபுரம் டீமும் வியாசர்பாடி டீமும். எங்கள் டீமில் முன்னால் நின்று கோல் அடிக்கிறவர் என் வீட்டுக்காரர்.

அவர் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தார். காலையில் கேட்டுக்கு வெளியே போய் நிற்கவேண்டும். கப்பல் வந்திருந்து, மேஸ்திரிக்கு இவர் மேல் மனசும் வந்தால் அன்றைக்கு வேலை. இல்லையென்றால் மத்தியானமே திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். அப்படி உட்கார்ந்திருக்கிற ஆம்பிளையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பாவமாகவும் இருக்கும்.

அந்தக் காலத்தில் எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகள் ஆளுக்கொரு ஃபுட்பால் டீம் வைத்திருந்தன. எங்காவது ஒருவன் நன்றாக ஆடுகிறான் என்று கேள்விப்பட்டால் ஆபீசர் ஒருவர் வந்து பார்ப்பார். பிடித்துப்போனால் கூப்பிட்டு வேலை கொடுத்துவிடுவார்கள், அதுவும் பர்மனென்ட் வேலை. அப்படி எண்ணூர்த் தொழிற்சாலை ஒன்றிலிருந்து இந்த ஃபைனலைப் பார்க்க ஆபீசர் வருவதாக இருந்தது. என் வீட்டுக்காரருக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் சாகிறவரைக்கும் கேட்டுக்கு வெளியேதான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வந்து பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனார், கூட்டம் சேர்த்தால் இன்னும் பரவும், மேட்சை ரத்து செய்வதுதான் நல்லது என்று. சாமியார் புதன்கிழமை சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டார். அவருக்கே இரண்டு கண்ணும் சிவந்து, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

பந்தயக் கமிட்டித் தலைவர் அந்தத் துறைமுகத்து மேஸ்திரிதான். அவர் எழுந்து, "ஹார்பர்ல கப்பலு நிக்கல, ரயிலு நிக்கல, கண்ணு செவந்ததுக்கு மேட்ச்ச மட்டும் நிறுத்தணுமா சாமி?" என்றார். ஆம்பிளைகள் எல்லாம் ஆமாம் போட்டார்கள். என் வீட்டுக்காரர் முன் வரிசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் முந்தித் தலையாட்டினார்.

நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அன்றைக்குக் காலையில் ஒருத்தி பிறந்து சில வாரமே ஆன பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அதன் கண் இரண்டும் ஒட்டிப்போய், அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. அந்த முனகல் காதிலேயே இருந்தது. எழுந்துவிட்டேன்.

"சாமி, நாளைக்கு காத்தால என் வூட்டாண்ட வந்து நின்னு பாருங்க. எத்தினி பேரு வராங்கன்னு தெரியும். கைக்கொயந்த வச்சிகினு கீறவ சொல்றேன். ரெண்டு வாரம் தள்ளி வையுங்க. இந்த ஞாயித்துக்கெயம வேணாம்."

யாருடைய பெண்டாட்டி பேசுகிறாள் என்று எல்லாரும் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலை குனிந்துகொண்டார்.

சாமியாருக்கும் தர்மசங்கடம். வியாசர்பாடி டீமைக் கேட்போம், அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம் என்று ஆள் அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது: "இங்கயும் அதே கண்ணுதான். கோப்பய தொடச்சி வையுங்க, வந்துகினே கீறோம்." என் பேச்சு அதோடு எடுபடாமல் போயிற்று. எனக்காக சாமியார் ஒரு ஏற்பாடு மட்டும் செய்தார். மைதானத்தைச் சுற்றி வேடிக்கை பார்க்கிற இடத்தை இரண்டாகப் பிரித்துக் கயிறு கட்டுவது, கண் சிவந்தவர்கள் கடல் பக்கம், சிவக்காதவர்கள் ரோட்டுப் பக்கம். ஆடுகிறவர்களுக்கு அந்த விதி கிடையாது. வைத்தால் இரண்டு டீமும் தேறாது.

கூட்டம் முடிந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "என் சோத்துல மண்ணள்ளிப் போடப் பாத்தியேமே." அதற்கப்புறம் பேச்சு இல்லை. சட்டியைத் தானே இறக்கி, தானே போட்டுச் சாப்பிட்டார். எனக்கு மட்டும் அந்த வேலை வேண்டாமா? ராத்திரி படுக்கும்போதெல்லாம் அந்த வேலைக்காக ஜெபம் செய்கிறவளே நான்தானே. ஒரே வாயால் வேலையும் வேண்டும், மேட்சும் வேண்டாம் என்று சொல்லவேண்டியிருந்தது என் தலையெழுத்து. அதை அவரிடம் சொல்லவில்லை, பாத்திரங்களை நங்கென்று வைத்தேன்.

சனிக்கிழமை காலை நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பாலாடையாக வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கை நீண்டது, பாலாடை இல்லை, எங்கள் வீட்டு டீ டம்ளர். திரையை விலக்கிப் பார்த்தால் என் வீட்டுக்காரர். கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

"இந்தாமே, எனக்கும் ரெண்டு சொட்டு."

"மூணு நாளா பேசாத ஆளுக்கு இப்பதான் பேச்சு வந்துச்சா? லைன்ல போயி நில்லுய்யா. உனுக்கு முன்னால நாலு பேரு கீறாங்க."

மெய்யாகவே வரிசையில் போய் நின்றார் மனுஷன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் முறை வந்தபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, தலையைச் சாய்த்துப் பிடித்து நானே விட்டேன். இமையைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு பந்து தெரியுமாமே?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டு எனக்கு மனசு கரைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கண் தெளிந்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு நானும் மைதானத்துக்குப் போனேன். ரத்து செய்யச் சொன்னவள் எதற்குப் போனாள் என்று கேட்பீர்கள். கட்டினவன் ஆடுகிறான், போகாமல் இருப்பேனா? கயிற்றுக்குக் கடல் பக்கம்தான் கூட்டம் நெரிந்தது. ரோட்டுப் பக்கத்தில் நாங்கள் கொஞ்சம் பேர்தான், காலை நீட்டி வசதியாக உட்கார்ந்திருந்தோம். ஆபீசருக்கு எங்கள் பக்கம் நாற்காலி போட்டிருந்தார்கள்.

வியாசர்பாடி கோல்கீப்பர் நெட்டையான இளவட்டம். தூரத்திலிருந்து வந்த பந்தையெல்லாம் பூப் பறிக்கிற மாதிரி பிடித்தான். நாங்கள் தோற்றோம் என்றே நினைத்தேன். அப்போது என் வீட்டுக்காரர் பந்தைத் தள்ளிக்கொண்டு நேராக அவன் முன்னால் போனார். அவன் பாய்ந்து வந்தான். கிட்டே வந்ததும் இவர் கண்ணைப் பார்த்தான், பார்த்த மாத்திரத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டான். பந்து அவன் காலுக்குப் பக்கத்தில் மெதுவாக உருண்டு உள்ளே போனது. இரண்டாவது கோலும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. கடல் பக்கத்துக் கூட்டம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்து இவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. ஆபீசர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த வாரமே ஆர்டர் வந்துவிட்டது. அதில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு ஆபீசரும் கறுப்புக் கண்ணாடிதான் போட்டிருந்தாராம். கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். எனக்கும் அவருக்கும் கால் தரையில் இல்லை.

வேலையில் சேருவதற்கு முன்தினம் எங்கள் வாசலில் அந்த நெட்டைக் கோல்கீப்பர் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது, கையில் பாலாடை. என் வீட்டுக்காரர் விடுவாரா?

"இன்னா நைனா, அன்னிக்கு பந்த பாக்காம வானத்த பாத்துகினு இருந்தியே, அவ்ளோ பயமா?"

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "கண்ணுக்கு பயமில்ல அண்ணாத்தே. வூட்ல பச்சக் கொயந்த கீது. ஒட்டிகினா கொயந்தைக்கு பூடுமேன்னுதான் திரும்பிகினேன். அப்டியும் வந்துடிச்சி. இப்ப பொண்டாட்டி வூட்டுக்குள்ள விடமாட்டேங்குறா. தோஸ்து வூட்ல படுத்துகினு கீறேன். அவளாண்ட பால் கீது, நான் போயி வாங்க முடியுமா? அதான் அண்ணியாண்ட கேக்கலாம்னு வந்தேன்."

என் வீட்டுக்காரர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. நான் உள்ளே போய்ப் பாலாடை நிறையக் கொடுத்தேன். அவன் போன பிறகு இவர் ஆர்டரை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம், "நாளைக்கு அவனயும் எண்ணூருக்கு கூட்டிகினு போறேன். ஆபீசராண்ட நடந்தத சொல்லப்போறேன்" என்றார்.

நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? ஆனால் இடுப்பில் பிள்ளை. கிடைத்த வேலையை முதல் நாளே வாயைக் கொடுத்துத் தொலைத்துவிட்டு வந்தால்? மறுநாள் முழுக்க மாதாவே, மாதாவே என்று நடந்துகொண்டிருந்தேன். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தால்கூட எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் வந்தார். வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்தார்.

"ஆபீசரு அவன கோல்ல நிக்க வச்சி என்ன அடிக்கச் சொன்னாரு. மூஞ்சிக்கு நேரா பாத்துகினு நின்னான்மே. எத்தினி அடிச்சாலும் ஒண்ணுகூட உள்ள போவல. அவன டீமுக்கு எடுத்துகினாங்க. வேலயும் குடுத்துட்டாங்க."

"அவன வுடுய்யா. உன்ன?"

"ஆர்டரு போட்டது போட்டதுதானாம். வேலய பாரு, கோல் அடிக்கிற வேல மட்டும் உனுக்கு வேணாம், பின்னால நின்னு பந்த தடுன்னுட்டாரு."

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும். அவரும் சிரித்தார். அப்புறம் ஏதோ நினைத்துக்கொண்டு சொன்னார், "நீ சொன்ன மாதிரி ரெண்டு வாரம் தள்ளி வச்சிருந்தா அவன் என் மூஞ்சிய பாத்திருப்பான். ஒரு கோலும் விழுந்திருக்காது. எனக்கு இந்த வேல ஏதுமே?"

அது உண்மைதான். ஓய்வு பெறுகிறவரை அந்த வேலையில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது, மூன்று பிள்ளைகள் படித்தார்கள். நான் சொன்னதை நாலு பேர் கேட்காமல் போனதற்காக நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். இருந்தாலும் நான் சொன்னதுதான் சரி.