கூமாப்பட்டித் தொட்டி

பயிருக்கு நோய் வரட்டும் என்று சாமி கும்பிட்டவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கூமாப்பட்டி அத்தை மகனுக்கு என்னைப் பேசி வைத்திருந்தார்கள். அறுப்பு முடிந்ததும் கல்யாணம். அந்த வருஷம் குலைநோய் தாக்காது என்று விவசாய இலாகாவில் ஒரு புது நெல் கொடுத்தார்கள். அப்பா அதில் பாதியை அத்தானுக்குக் கொடுத்தார். எங்கள் வயலில் அது நன்றாக விளைந்தது. கூமாப்பட்டியிலோ கதிரின் கழுத்து கறுத்து, அத்தனையும் பதராகிப் போனது.

“ஒரே வெதைதான? என் வயல்ல நின்னது அவன் வயல்ல ஏன் கருகுது? பயிரப் பாக்காதவன் என் பிள்ளைய எம்புட்டுப் பாப்பான்?” என்று அப்பா பேச்சை முறித்துவிட்டார். அத்தான் வந்து வாசலிலேயே நின்றார். வயலை விட்டு நகரவே இல்லை மாமா என்று சொல்லிப் பார்த்தார். அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்திருந்தது. பயிரைப் பார்க்காதவன் காலா அது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அப்பாவிடம் யார் வாய் திறப்பது?

பிறகு இராஜபாளையத்திலிருந்து இலாகாக்காரர் வந்தார். பார்க்க ஒரே நோய்தான், ஆனால் அதைக் கொண்டுவரும் பூஞ்சைக் காளானுக்குள்ளும் வேறு வேறு வம்சம் உண்டு, இங்கே இருப்பது இந்த நெல்லைத் தொடாது, கூமாப்பட்டி மலையடிவாரத்தில் இருப்பது தொடும் என்றார். நோய்க்குமா ஊர் பேர் என்று அப்பா சிரித்தார். சோதித்துப் பாருங்கள் என்று வழி சொன்னார் அவர். இரண்டு தொட்டியில் புது நெல் நாற்று. ஒன்றின் மேல் எங்கள் ஊர்ப் பழைய நெல்லில் நோய் கண்ட தழையை ஊறவைத்த தண்ணீர், மற்றதன் மேல் கூமாப்பட்டித் தழைத் தண்ணீர். தழையை அத்தான் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினார்.

இரண்டையும் ஈரச்சாக்கு போட்டு மூடிக் காப்பது என் வேலை. விடிந்ததும் கூமாப்பட்டித் தொட்டியைத்தான் போய்ப் பார்ப்பேன்.

“ஏட்டி, சீக்கு வரணும்னா கும்பிடுத?” என்று அம்மா சிரித்தாள். ஆமாம், அதற்குத்தான் கும்பிட்டேன்.

வந்தது. கூமாப்பட்டித் தொட்டியில் மட்டும் இலையெல்லாம் கண் கண்ணாகப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம். பக்கத்துத் தொட்டி பச்சைப் பசேலென்று இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். வண்டியைப் பூட்டிக் கூமாப்பட்டிக்குப் போனார்.

பொழுது சாயத் திரும்பி வந்தவர் கால்கூடக் கழுவவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “அக்காவுக்கு ரோசம். அவனுக்குச் செட்டியார்பட்டில முந்தாநாத்து பரிசம் போட்டுட்டாவ.”

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பாமலே, அந்தத் தொட்டி நாற்றை எரித்துவிடு, நம் வயலுக்குத் தாவிவிடும் என்றார். மறுநாள் எரித்தேன். அன்றைக்கு எரிக்கவில்லை. சாக்கை நனைத்து மூடி வைத்தேன். அத்தான் ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியது அது ஒன்றுதான்.